தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் பெண்ணுக்கு மற்ற ஊர்களில் தாய்மார்கள் தலை பின்னிவிடுவார்கள். வஞ்சிக்கொடி முகம் மாட்டிவிட்டாள். முதலில் விரல்களுக்கு இரும்புறை, பிறகு கழுத்துப் பட்டை, அப்புறம் இரண்டு கன்னத் தகடுகள், கடைசியில் நெற்றித் தகடு. இடுக்கில் முடி சிக்கினால் பிள்ளைக்கு வலிக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் பொறுமையாக அழுத்தி, பூட்டு விழுகிற சத்தம் கேட்ட பிறகே கையை எடுத்தாள். கடைசிப் பூட்டு விழுந்ததும் தேனரசி என்ற சதைப் பிள்ளை மறைந்து தேனரசி என்ற இரும்புப் பிள்ளை நின்றது.

அழுகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வஞ்சிக்கொடி வழக்கம்போலக் கேட்டாள். கழிவறைக்குப் போய்விட வேண்டும் என்றாள் மகள். யாராவது சாப்பாட்டைப் பற்றிப் பேசினால்? நமக்கெல்லாம் எதுக்குச் சாப்பாடு என்று சிரிக்க வேண்டும். பாடம் ஒப்பித்தாயிற்று. பை தோளில் ஏறியது.

ஊரின் பெயர் புதுக்கொற்கை. சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டனில், எப்போதும் கலையாத ஆரஞ்சுப் புகைமூட்டத்துக்குக் கீழே, கவிகை என்று சொல்லப்படும் கண்ணாடிக் கூரைக்குள் இருந்தது. கட்டியவர்கள் உலோகர்கள். மனிதர்கள் பின்னால் வந்து குடியேறுவார்கள், அதற்குள் வீடு வாசலெல்லாம் தயாராக இருக்கட்டும் என்று பூமியிலிருந்து முன்கூட்டியே அனுப்பப்பட்ட எந்திர மக்கள். வீடு வாசல் தயாரானது. மனிதர்கள்தான் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக ஒரு கருப்பேழை வந்தது. உறைய வைத்த மனிதக் கருக்களைப் பத்து மாதமும் சுமந்து, பிள்ளையாக்கித் தரக்கூடிய கலம். கூடவே ஒரு கட்டளையும் வந்தது. ‘இவர்களை எங்களைப் போலவே வளர்த்துவிடுங்கள்.’ அதற்குப் பிறகு பூமியிலிருந்து பேச்சு மூச்சில்லை.

எங்களைப் போலவே என்று சொல்லிவிட்டால் போதுமா, எப்படி என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் வீட்டொலிச் சேமிப்பு இருந்தது. பூமியின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பதிவான பேச்சு முழுவதும் அதில் கிடந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதிய நூல்களும் இல்லாமல் இல்லை. தத்தெடுத்த பிள்ளைக்கு உண்மையைச் சின்ன வயதிலேயே சொல்லுங்கள், எளிமையாகச் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், அதைப் போன்ற மற்றப் பிள்ளைகளோடு பழக விடுங்கள் என்று அவற்றில் நன்றாகவே எழுதியிருந்தது. ஆனால் நூல்கள் ஒரு கைப்பிடி, வீட்டுப் பேச்சோ மலையளவு. அந்த நூல்களை யாரும் புரட்டிப் பார்த்ததற்கான அடையாளம் அந்தப் பேச்சில் இல்லை. உலோகரின் மூளை எந்தப் பக்கம் எடை கூடுதலோ அந்தப் பக்கம் சாயும். பாவம், அது அவர்கள் தப்பில்லை.

அந்தப் பேச்சிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டவை ஏராளம். பட்டறையில் வார்த்தெடுத்த தங்கள் இரும்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஓரளவு பெரிய உடலை மாட்டி உடல்மாற்று விழா நடத்தினார்கள். விழாவுக்கு வருகிறவர்கள், ஒரே அச்சில் செய்த கண்களைப் பார்த்துவிட்டு, “கண்ணு அப்படியே அப்பா ஜாடை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எதற்கெடுத்தாலும் கேட்கவும் கற்றுக்கொண்டார்கள். இந்த நாலு பேர் யார் என்று சேமிப்பு முழுவதும் சலித்துப் பார்த்தும் ஒருவர் பெயர்கூட அகப்படவில்லை. சட்டத்துக்கும் சாமிக்கும் பயப்படாத மனிதர்கள் இந்த நால்வருக்குப் பயந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அப்படியானால் நாமும் பயப்பட வேண்டியதுதான் என்று உலோகர்கள் பயந்தார்கள்.

கருப்பேழையும் மனிதர்கள் செய்ததுதானே. கருக்கள் எல்லாம் வழியிலேயே கெட்டுவிட்டன என்று ஊருக்கு அறிவித்துவிட்டு, அது வஞ்சிக்கொடியையும் அவள் கணவன் அம்பலவாணனையும் தனியாகக் கூப்பிட்டது. ஒரு சிவந்த, ஈரமான, கத்துகிற பொருளை அவள் கையில் வைத்தது. இது ஒன்றுதான் பிழைத்தது, வெளியே மூச்சு விடாதீர்கள், தெரிந்தால் பிள்ளையின் மனம் கெட்டுப்போகும் என்றது. வஞ்சிக்கொடிக்கு அந்தப் பொருளின் சூடு உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் மூச்சு விடவில்லை. மூச்சு விடுகிற பிள்ளை மட்டும் வீட்டுக்குள் வளர்ந்தது.

வளர்ப்பதில் சிரமம் அதிகம் இல்லை என்பதுதான் வேடிக்கை. உலோகர்களுக்குக் காற்று வேண்டாம். ஆனாலும் உயிர்வளி ஆலையை மூடிவிடலாமா என்று ஆண்டுதோறும் ஊர்க்கூட்டத்தில் கேள்வி வரும், வேண்டாம், அது நம் மரபு என்று ஊரே ஒரே குரலில் சொல்லும். அதேபோல வீட்டுக்கு வீடு சன்னலில் தக்காளியும் கீரையும் அழகுக்காக வளர்த்தார்கள், பின்கட்டில் தட்டு தட்டாக நெல்லும் மஞ்சளும் கூட அழகுக்காகத்தான். பழுத்த பழம் ஒன்றைக்கூட எந்தச் சன்னலிலும் வஞ்சிக்கொடி பார்த்ததில்லை. தன் வீட்டுப் பழங்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலையில், மற்ற வீட்டுப் பழங்கள் எங்கே போகின்றன என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒவ்வோர் உலோகரின் நெஞ்சுக்குள்ளும் ஒப்புமானி என்றொரு கருவி இருந்தது. அன்றைய நடத்தை மனிதரைப் போல எந்த அளவு இருந்தது என்று சாயங்காலம் ஆனதும் அது சொல்லிவிடும். அம்பலவாணனுடையது முக்காலுக்குக் குறைந்ததில்லை. வஞ்சிக்கொடியுடையது பாதியைத் தாண்டியதில்லை. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் தயங்குவாள். தயங்குகிற நேரத்தையெல்லாம் கருவி கழித்துவிடும்.

தயங்க வைத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். “என் நோய் எப்பம்மா சரியாகும்?”

தன் உடம்பு ஏன் மெதுவாக இருக்கிறது, கீழே விழுந்தால் ஏன் சிவப்பாகக் கசிகிறது என்று தேனரசி பேசத் தொடங்கிய வயதிலேயே கேட்டுவிட்டாள். மென்னோய் என்று அம்பலவாணன் ஒரு பெயரைச் சொல்லி வைத்தான். பட்டறையிலேயே வந்த குறை, வெளியே தெரிந்தால் கேவலம், வளர வளரச் சரியாகிவிடும் என்றான். பிள்ளை நம்பியது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் முழங்கையைத் தட்டிப் பார்த்தது, சத்தம் வருகிறதா என்று. பதினோரு வயதில் தானாகவே ஒரு வைத்தியத்தையும் கண்டுபிடித்தது. மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதில்லை. தான் சாப்பிடுகிறோம். ஆகவே சாப்பாடுதான் நோயை வளர்க்கிறது.

முதலில் காலை இட்லி நின்றது. பிறகு பகல் சாப்பாடு. நாக்கு இல்லாத வஞ்சிக்கொடி உப்பை அளந்து போட்டு, புளியை அளந்து கரைத்துச் செய்த ரசம் தட்டிலேயே ஆறிக் கிடந்தது. கன்னத் தகடுகள் தளர்ந்தன, உள்ளே பஞ்சு வைத்து மாட்ட வேண்டியிருந்தது. நாளுக்கு நாள் பஞ்சு கூடியது. மகள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். “எலும்பு தெரியுதும்மா. உள்ள இரும்பு வருதுபோல” என்று விலாவைத் தடவிக் காட்டினாள். வஞ்சிக்கொடிக்குக் கண்ணீர் வராது, அதற்கான ஏற்பாடு அவளிடம் இல்லை. சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தபோது மேடையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

சொல்லிவிடலாம் என்று கணவனிடம் சொன்னாள். அவன் வழக்கமான பதிலைச் சொன்னான். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது சொன்னால் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள், அதற்கு என்ன பதில்? அவள் போய்ப் பள்ளியில் சொல்லிவிட்டால்? நாலு பேர் நம்மை என்ன நினைப்பார்கள்? ஒப்புமானிக்கு மிகவும் பிடித்த வாக்கியங்கள் எல்லாம் அவன் வாயில் வரிசையாக வந்தன.

“சாப்பிடாம செத்துப்போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்று வஞ்சிக்கொடி கேட்டாள். அவன் பேசாமல் எழுந்து போய்விட்டான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆனால் எந்தச் சொற்களால் சொல்வது? தானாக ஒரு வாக்கியம் அமைக்க அவளுக்குத் துணிவில்லை. சேமிப்பில் தேடினாள். பிள்ளையை எங்கிருந்தோ வாங்கி வந்ததாகப் பெற்றோர் பிள்ளையிடமே சொல்கிற இடங்களை மட்டும் கேட்டாள். ஆச்சரியம், ஒரே வாக்கியம் ஊர் ஊராகத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வந்தது. ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்.’ தவிடு என்றால் நெல் குத்தும்போது அரிசியிலிருந்து உதிர்வது, மாட்டுக்கு வைப்பது. அதைக் கொடுத்துப் பிள்ளை வாங்குவது அந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பதிவுகளில் அதைச் சொன்னதும் பிள்ளை அழுதது, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. பெரிய உண்மையைச் சொல்லும்போது மனிதர்களுக்குப் படபடப்பில் சிரிப்பு வரும் என்று அதற்கும் ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டாள்.

அன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தகடுகளைக் கழற்றி, பஞ்சையெல்லாம் எடுத்தாள். ஒட்டிப்போன அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“தேனு, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்.”

சேமிப்பில் கேட்டபடி சிரித்தும் வைத்தாள். பிள்ளை அழவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள்.

“என்னையுமா?”

வஞ்சிக்கொடியின் சிரிப்பு பாதியில் நின்றது. வேறு யாரை என்று கேட்டாள். அல்லியை என்றாள் தேனரசி. அல்லி வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிறவள். அவளை அவள் அம்மா தவிட்டுக்குத்தான் வாங்கினாளாம், போன வாரம் அல்லியே ரகசியமாகச் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

பட்டறைப் பிள்ளையிடம் எந்தத் தாயும் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வஞ்சிக்கொடிக்கு உயிர்வளி ஆலையும் சன்னல் தக்காளியும் சேர்ந்தாற்போல நினைவுக்கு வந்தன. சேமிப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவளாகவே பேசினாள். உனக்கு நோய் இல்லை. நீ மனுஷப் பிள்ளை. பெற்றவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, ரொம்பத் தூரத்திலிருந்து உன்னை அனுப்பி வைத்தார்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம். நீ சாப்பிட வேண்டும், அது உன் உடம்புக்கு வேண்டும். மறைத்தது எங்கள் தப்பு. சொல்லச் சொல்ல அவளுக்கே ஆறுதலாக இருந்தது.

மகள் நிறையக் கேட்டாள். பெற்றவர்கள் தன்னை ஏன் அனுப்பினார்கள், தன் முகம் யாருடைய முகம், இனி என்றைக்குமே இரும்பாக மாட்டோமா. சிலதற்குத் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. கடைசியில், “அப்ப அல்லிக்கும் சிவப்பா கசியுமா?” என்று கேட்டாள்.

“கசியும்னுதான் நினைக்கிறேன்.”

தேனரசி கொஞ்ச நேரம் முழங்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. அதில் இப்போது அவளுக்கு வருத்தம் இல்லை. பிறகு ரசச் சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, பிசைந்து, துளிகூட மிச்சம் வைக்காமல் தின்றாள். அன்றைக்கு வஞ்சிக்கொடியின் ஒப்புமானி பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதை அவள் லட்சியம் செய்யவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் தேனரசி எழுந்து நின்று, நம்மில் யாரையெல்லாம் தவிட்டுக்கு வாங்கினார்கள் என்று கேட்டுவிட்டாள். அல்லி கையைத் தூக்கினாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் தூக்கினார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியை சண்முகவடிவு பாடத்தை நிறுத்திவிட்டு, கை தூக்கிய பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஆள் அனுப்பினாள்.

வஞ்சிக்கொடி உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடுதான் போனாள். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள். இதைச் சொன்னால் முகமூடி போய்விடும், பஞ்சு போய்விடும், பிள்ளைக்கு ஒரு துணை கிடைத்துவிடும். நூல்களில் எழுதியிருந்ததும் அதுதானே, தன்னைப் போன்ற பிள்ளைகளோடு பழக விடுங்கள் என்று.

ஆசிரியையின் அறையில் பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். தேனரசியும் அல்லியும் கை கோத்திருந்தார்கள். இரும்பு விரலுக்குள் சதை விரல், அதைப் பிடித்திருந்ததும் இரும்பு விரலுக்குள் சதை விரல். தாய்மார்கள் எதிரே உட்கார்ந்தார்கள். அல்லியின் அம்மா அங்கயற்கண்ணி வஞ்சிக்கொடிக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் நடுவிரல் மூட்டு இடுக்கில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

வஞ்சிக்கொடி அதையே பார்த்தாள். அங்கயற்கண்ணியின் பார்வை வஞ்சிக்கொடியின் கைக்குப் போனது. கட்டைவிரலில் மஞ்சள் கறை. இருவரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு சொல் போதும், இருவருக்கும் அது தெரியும். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கையை மடிக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

ஆசிரியை விஷயத்துக்கு வந்தாள். பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னது உண்மையா, இதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, இருந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றாள். முதலில் அங்கயற்கண்ணியைப் பார்த்துக் கேட்டாள்.

“அய்யோ, சும்மா கிண்டலுக்குச் சொன்னது டீச்சர். அடம் பிடிச்சா. தவிட்டுக்கு வாங்குனேன்னு வெளையாட்டுக்குச் சொன்னேன்.”

அடுத்தவளும் விளையாட்டுக்கு என்றாள். அதற்கடுத்தவளும் விளையாட்டுக்கு என்றாள். சிரிக்கவும் சிரித்தார்கள். வஞ்சிக்கொடிக்கு அப்போதுதான் சேமிப்பில் கேட்ட அந்தச் சிரிப்பு விளங்கியது. அது படபடப்பில் வந்தது இல்லை. அந்த வாக்கியமே அங்கே விளையாட்டுதான், யாரும் யாரையும் தவிட்டுக்கு வாங்கவில்லை. சொந்தப் பிள்ளையிடம் நீ எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லி அழ வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். உண்மையாகவே வாங்கி வந்த பிள்ளையிடம் மட்டும் வாயே திறக்கவில்லை.

இப்போது அவள் முறை. தேனரசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. அம்மா சொல்லிவிடுவாள் என்று நிம்மதியாக நின்றாள். வஞ்சிக்கொடி அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களைத் தேடினாள். எல்லாம் இருந்தன. பக்கத்தில் பார்த்தாள். தன்னையும் சேர்த்து எண்ணினாள். நாலு பேர்.

“நானும் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன் டீச்சர்” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆசிரியை பெரிய பாரம் இறங்கினாற்போலச் சாய்ந்து உட்கார்ந்தாள். நல்லதாகப் போயிற்று, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் வினையும் தெரிவதில்லை என்றாள். அவள் சன்னலிலும் ஒரு தக்காளிச் செடி இருந்தது. செழிப்பான செடிதான், ஆனால் பழம் ஒன்றுகூட இல்லை.

சுவரோரத்தில் கோத்திருந்த கைகள் பிரிந்தன. யார் முதலில் விட்டார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் எதிர்ப்பட்ட ஒருத்தி தேனரசியைப் பார்த்து, கண் அப்படியே அப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். வஞ்சிக்கொடி தலையாட்டினாள். வாசற்கதவைச் சாத்தியதும் மகள் முன்னால் மண்டியிட்டு, அங்கே சொன்னதுதான் பொய், நேற்று சொன்னது நிஜம் என்றாள். நீ மனுஷப் பிள்ளைதான், அல்லியும்தான், நான் பயந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நூல்களில் போட்டிருந்தபடி எளிமையாகத்தான் சொன்னாள்.

தேனரசி பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள். ஆசிரியையின் அறையில் நாலு பேரும் சிரித்தார்களே, அதே சிரிப்பு.

“போம்மா. சும்மா விளையாட்டுக்குத்தானே சொல்றே.”

வஞ்சிக்கொடி தட்டில் சோறு போட்டு வைத்தாள். பிள்ளை அதைத் தள்ளி வைத்துவிட்டு, முழங்கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முகத் தகடுகளைக் கழற்றட்டுமா என்று வஞ்சிக்கொடி கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும், பழகிக்கொள்கிறேன் என்றாள் மகள்.

சாயங்காலம் ஆனதும் வஞ்சிக்கொடியின் நெஞ்சுக்குள் ஒப்புமானி மெல்ல மணியடித்தது. அவளுக்கு அது அதுவரை கேட்டறியாத சத்தம். பாதியைத் தாண்டாத கருவி அன்று கடைசிக் கோடு வரை போய் நின்றிருந்தது. ஒரு சொல் பிசகாமல் ஒத்துப்போகிறது என்றது. பிள்ளையை மனிதரைப் போலவே வளர்த்துவிட்டதாகப் பூமிக்குச் செய்தியும் அனுப்பிவிட்டது.